இடது இறக்கை, ஏழாம் விலா

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திய புரை
இப்போது விமானப் புரை.
புகை வாடை போகவில்லை, ஆசிட் வாடையும்.
தூத்துக்குடி துறைமுகத்தில் மூன்று வாரம் கிடந்த
மரப்பெட்டியை அதற்குள் வைத்துப் பிரித்தோம்,
டென்னிசனும் நானும்.

பாதி கட்டி வரும் இறக்கைக்கு விலை கூடுதல்.
ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை
வேறு யாரோ, வேறு நாட்டில்,
நமக்காக அடித்துத் தந்திருக்கிறார்கள்.
கூடவே ஒரு தாள்.
நாற்பத்திரண்டு வரி, நாற்பத்திரண்டு சரிக்குறி,
அடியில் வாசிக்க முடியாத ஒப்பம்.

"கம்பெனிக்காரன் பாத்து ஒப்பம் போட்டாச்சு.
நீ என்னத்துக்கு லாலி அதப் போயி நோண்டுதே?"

அந்தத் தாளைத்தான் நான் முதலில் நம்பவில்லை.
எல்லாக் குறியும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம்.
ஒவ்வொன்றாய்ப் பார்த்துப் போட்டிருந்தால்
இருபதாவது வரியில் கை களைத்திருக்கும்,
ஒரு தடவையாவது பேனா மாறியிருக்கும்.

மார்த்தாண்டத்துப் பல் டாக்டரிடம்
இரவல் வாங்கிய குட்டிக் கண்ணாடி.
நெற்றியில், விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள்
கட்டிக்கொள்ளும் விளக்கு.
மணிக்கட்டில் நீல டேப் சுருள்.
இறக்கையின் வயிற்றுக்குள்
தோள் வரை கையை விட்டேன்.

வால் சாய்ந்து நசுங்கிய ரிவெட் பதினொன்று.
ஓரத்தை ஒட்டிப்போன துளை ஒன்று.
இரண்டு தடவை துளைத்து
எட்டுப்போல் ஆகிவிட்ட ஒன்று;
அதன்மேல் ரிவெட் தலை
ஒன்றுமறியாததுபோல் உட்கார்ந்திருந்தது.
இறக்கையைச் சரித்ததும்
பெட்ரோல் டேங்குக்குள் ஏதோ உருண்டது:
ஒரு நட்டு.
எண்ணிப் பார்த்தோம்,
எல்லாப் போல்ட்டிலும் நட்டு இருக்கிறது.
அப்படியானால் இது யாருடையது?

மாலைக்குள் இறக்கை முழுக்க
நீலத் தேமல்.
மழை பிடித்தது. டென்னிசன் பேசுவதை நிறுத்தியிருந்தான்.

ஏழாம் விலா, ஸ்பாரோடு சேரும் மூலை.
கண்ணாடியைத் திருப்பினேன்.
பாதி அடிபட்டு நிற்கும் ஒரு ரிவெட்,
அதைச் சுற்றிப்
பென்சிலால் ஒரு வட்டம்.

நான் போட்டதில்லை.
அலுமினியத்தில் நான் பென்சில் வைப்பதில்லை.
அப்படியானால் ஒருத்தி பார்த்திருக்கிறாள்.
பார்த்து, குறித்து,
திரும்பி வரலாமென்று எழுந்திருக்கிறாள்.
சங்கு ஊதியிருக்கும்.
அடுத்த ஷிப்ட் வந்து மேல்தகட்டை மூடியிருக்கும்.

எனக்கு அந்த நேரம் தெரியும்.
ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்.
காற்றாலைக்கு ப்ளேடு செய்த கம்பெனியில்
ஆறு வருஷம் தட்டிப் பார்ப்பதுதான் என் வேலை.
ஒரு நாள் ஓரிடத்தில்
சத்தம் பொத்தென்று விழுந்தது.
சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தேன்.
மறுநாள் மகனுக்குக் காய்ச்சல்.
அதற்கு மறுநாள் போனேன்,
பெயிண்ட் அடித்து லாரியில் ஏற்றியாகிவிட்டது.
தாளில் என் ஒப்பம் இருந்தது.
நானே போட்டது, முந்தியே, மொத்தமாக.

விழுந்ததாக ஒரு செய்தியும் இல்லை.
திருநெல்வேலி பஸ் முப்பந்தல் தாண்டும்போது
எந்தக் காத்தாடி என்று தெரியாததால்
எல்லாவற்றையும் பார்ப்பேன்.

வெளியே டென்னிசன் சுத்தியலோடு,
உள்ளே நான் இரும்புக்கட்டையோடு.
பழையதைத் துளைத்தெடுத்துப் புதுசு அடித்தோம்.
வட்டத்தை விட்டுவைக்கத்தான் ஆசை.
ஆனால் பென்சில் கரி தகட்டைத் தின்னும்,
இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த ஊரில்
இன்னும் வேகமாய்.
துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
போகவில்லை.
மறுபடி துடைத்தேன்.

நோட்டில் எழுதினேன்:
ஏழாம் விலா. குறை ஒன்று. முன்பே பார்க்கப்பட்டது.
"ஆரு பாத்தா?" என்றான்.

வலது இறக்கை இன்னும் பெட்டியில்.
தாளை மட்டும் வெளியே எடுத்து
விளக்கடியில் பிடித்தேன்.
அதே சாய்வு.